ஊரைவிட்டுப் போனவர் தன் வீட்டை வரைவதற்கு: திருகோணமலையிலிருந்து ஒரு படிமுறை வழிகாட்டி

திருகோணமலையில் பிறந்து வெளிநாட்டில் வாழ்பவர்கள் விடுமுறைக்கு வரும் சில வாரங்களில், தாம் வளர்ந்த வீட்டைப் பற்றி ஓர் ஓவியமோ துணி வேலையோ ஒலிப்பதிவோ செய்ய விரும்பினால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். நான் பதினொரு வருடங்கள் ரொறன்ரோவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். ஆறு வருடங்களாக உவர்மலையில், குடியிருக்கும் வீட்டு விறாந்தையில், ஆடி ஆவணி மாதங்களில் வருபவர்களோடு இந்த வேலையைச் செய்து வருகிறேன். கைத்திறன் போதாமல் கெட்ட வேலைகள் குறைவு; ஒழுங்கு பிழைத்ததால் கெட்டவையே அதிகம். ஆகவே கீழேயுள்ள எண்களை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நேர்கோடு போடவும் அளவுநாடாவை வாசிக்கவும் தெரிந்தால் தொடங்கலாம். ஊரில் மூன்று வாரம், திரும்பிப் போன பிறகு ஆறு மாதம் என்று கணக்கிடுங்கள்.

1. புறப்படுவதற்கு முன் நினைவிலிருந்து ஒரு தரைப்படம்

முதல் வேலை நீங்கள் இப்போது வாழும் நாட்டில், சாப்பாட்டு மேசையில் நடக்க வேண்டியது. ஒரு ஏ3 தாளில் பென்சிலால் உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். படலை, முற்றம், விறாந்தை, அறைகள், குசினி, கிணற்றடி, கக்கூஸ், மரங்கள், வேலி எல்லாம் அதில் வரட்டும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது, எந்த யன்னல் பூட்டுப்படாமல் நின்றது, சீமெந்துத் தரை எந்த இடத்தில் வெடித்திருந்தது என்பவற்றையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் மனதில் தோன்றும் அடிக்கணக்கைப் பக்கத்தில் குறியுங்கள். அழிறப்பர் பாவிக்க வேண்டாம். பிழையென்று தோன்றும் கோட்டை அப்படியே விட்டுவிட்டு அருகில் இன்னொரு கோடு போடுங்கள்.

இதைச் செய்து முடிக்கும்வரை பழைய அல்பத்தைத் திறக்கவோ, குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேட்கவோ கூடாது. ஒரு புகைப்படத்தைப் பார்த்த கணத்திலேயே நினைவு அதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்தப்பட்டபின் பழைய நினைவை மீட்க வழியில்லை. பதினோராம் படியில் இந்தத் தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வருபவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாமல் வந்துவிட்டு, வீட்டைப் பார்த்த அன்றிரவு விடுதியிலிருந்து வரைய முயல்வார்கள். அப்போது வருவது அன்று பார்த்த வீடு.

சகோதரங்கள் இருந்தால் அவர்களும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் காட்டாமல் வரையட்டும். ஒருமுறை இரண்டு சகோதரிகள் தங்கள் படங்களைக் கொண்டுவந்தார்கள். மூத்தவருடைய படத்தில் கிணறு படுக்கையறையை விடப் பெரிது. இளையவருடைய படத்தில் கிணறே இல்லை. தண்ணீர் அள்ளியவர் மூத்தவர்.

தாளில் திகதியிட்டு, ஒரு படம் எடுத்து, உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள்.

2. ஊர் முழுவதையும் எடுக்காமல் ஓர் இடத்தைத் தெரிதல்

கோணேசர் கோவில், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஆகியவற்றிலேயே புதியவர்கள் கை வைப்பார்கள். அவற்றை எவர் வரைந்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வரும். நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு அந்தப் படத்தில் தடயம் இராது.

தெரியும் இடம் பத்தடிக்குப் பத்தடிக்குள் அடங்கட்டும்: கிணற்றடி, குசினி வாசற்படி, தபால்காரர் சைக்கிளைச் சாய்க்கும் மதில் மூலை. பொருத்தமான இடமா என்று அறிய ஒரு கேள்வி போதும்: அங்கே நீங்கள் எந்தக் கல்லில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தீர்கள்? உடனே பதில் வந்தால் அதை எடுங்கள். கோணேசர் கோவில்தான் வேண்டுமென்று மனம் அடம்பிடித்தால், மலையேறும்போது உங்கள் பாட்டி இளைப்பாறிய படியை எடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

காணி உறுதியின் பிரதி. அதன் அட்டவணையில் காணியின் பெயரும் நாற்புற எல்லைகளும் பரப்பளவும் எழுதப்பட்டிருக்கும். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரது காணி என்று வாசிக்கும்போது, அயலவர் பெயர்களே வீட்டைச் சுற்றி நிற்பதைக் காண்பீர்கள். பரப்பளவு பேர்ச்சில் இருந்தால், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர். உறுதியையும் பழைய புகைப்படங்களையும் சேகரிப்பது இப்போது, பார்ப்பது அளந்து முடிந்த பின். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவற்றைத் தேடி வைக்கச் சொல்லலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஐந்து மீற்றர் அளவுநாடா, ஒரு பந்து நூல், கட்டம் போட்ட தாள்கள், மெல்லிய தாள் சுருள் ஒன்று, கறுப்பு மெழுகுக் கட்டிகள், 2பி பென்சில்கள், சிறிய நீர்வர்ணப் பெட்டி, காற்றுத்தடுப்புப் பஞ்சு பொருத்திய சிறிய மைக், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள், கெட்டி மட்டைக் குழாய். கரிக்கோடு உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பு டப்பாவையும் டர்பன்டைனையும் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை ஆடி ஆவணியில் வருவதால், எல்லோரும் கச்சான் காற்றும் காய்ந்த முற்றமும் அமைதியான கடலும் உள்ள திருகோணமலையையே பார்க்கிறார்கள். அது உல்லாசப் பயணிகள் பார்க்கும் ஊரும்கூட. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையும், வாடைக்காற்றும், ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளிகளும் இல்லாத வீடு பாதி வீடு. உங்கள் நினைவுப்படத்தில் ஈரம் இருந்தால், ஒருமுறையாவது மார்கழியில் வர முயலுங்கள். முடியாதென்றால் இங்கிருப்பவரிடம் மழை நாளொன்றின் ஒலியைப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்.

4. படலையில் நின்று பேசுதல்

வீடு இன்னும் உறவினரிடம் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். விற்கப்பட்டோ கைமாறியோ இருந்தால், மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அளவுநாடாவோடு படலையில் நின்றால், உள்ளே இருப்பவருக்கு ஒரே எண்ணம்தான் வரும்: காணி கேட்டு வந்திருக்கிறார். ஆகவே முதல் நாள் நாடாவைக் கொண்டுபோகக் கூடாது. ஒழுங்கையில் இரு தரப்புக்கும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்தக் குடும்பம் சிங்களமோ சோனகமோ தமிழோ எதுவானாலும், அவர்களுடைய மொழியில் இரண்டு வசனமாவது பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. உறுதியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: கிணற்றடியைக் கொஞ்ச நேரம் பார்க்கலாமா? தேநீர் தந்தால் குடியுங்கள். இரண்டாம் நாள் வருவதற்கு அனுமதி கேளுங்கள். அளப்பதைப் பற்றி அன்று சொல்லுங்கள்.

இதற்கு இரண்டு மூன்று நாட்கள் போகும். வீணாய்ப் போகும் நாட்களென்று எண்ணி இதைச் சுருக்கியவர்கள் எல்லோருமே முற்றத்துக்கு அப்பால் போகவில்லை. அதோடு, உங்கள் வீடு இப்போது இன்னொரு பிள்ளையின் பிறந்த வீடு என்பதை அந்தப் பிள்ளை கிணற்றடியில் பல் துலக்குவதைப் பார்த்த பிறகுதான் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. அது தெரியாமல் செய்த வேலையில் உரிமைக்குரல்தான் உரக்கக் கேட்கும்.

5. அளத்தல்

முதலில் உடம்பால் அளவுங்கள். கிணற்றடியிலிருந்து குசினிக்கு எத்தனை அடியெடுப்பு, வாசற்படி எத்தனை சாண், யன்னல் விளிம்பு உங்கள் உடம்பில் எந்த இடத்துக்கு வருகிறது என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் நாடா. நாடாவை முதலில் எடுத்தவர் இலக்கத்தோடு திருப்திப்பட்டுவிடுவார். தன் உயரம் மாறிவிட்டதை உணரமாட்டார். எட்டு வயதில் உங்கள் கண் தரையிலிருந்து நாலடிக்குக் கீழே இருந்தது. அந்த உயரத்துக்கு முழந்தாளிட்டு, வீட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, அங்கிருந்தே இரண்டு மூன்று கோட்டுப்படங்களைப் போடுங்கள். கூரை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது அப்போது விளங்கும்.

நாடாவால் அளக்கும்போது இருவர் வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் 16 என்பது 60 ஆகிவிடும். அதை வெளிநாட்டுக்குப் போன பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். அடியிலா மீற்றரிலா என்று முதலிலேயே முடிவெடுத்து, இறுதிவரை அதிலேயே இருங்கள்.

அறையின் நான்கு சுவர்களை மட்டும் அளந்து நிறுத்துவது பெரும்பாலோர் விடும் பிழை. பழைய வீடுகளின் மூலைகள் சரியான செங்கோணத்தில் இரா. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் தாளில் அந்த அறையை அதன் கோணலோடு வரைய முடியும். கிணற்றுக்கு நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள்; கல் கட்டிய நூலை விட்டு நீர்மட்டம் வரையும் அடி வரையும் தனித்தனியே அளந்து, மாதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆவணிக் கிணறும் மார்கழிக் கிணறும் ஒன்றல்ல.

மரங்களை மறக்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு, சுவரிலிருந்து தூரம், வெட்டப்பட்டிருந்தால் அடிக்கட்டை நிற்கும் இடம்: இவை மூன்றும் வேண்டும்.

6. வெயிலையும் நிறத்தையும் அந்த இடத்திலேயே குறித்தல்

ஒரு தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காலை ஏழு, பகல் பன்னிரண்டு, பின்னேரம் ஐந்து என்று மூன்று வேளைகளிலும் சுவர், தரை, நிழல், வானம் ஆகிய நான்கின் நிறத்தையும் நீர்வர்ணத்தில் கலந்து பூசி, கலந்த வர்ணங்களின் பெயரைக் கீழே எழுதுங்கள். கைபேசிப் படத்தை நம்ப வேண்டாம். அது நிழலை வெளுக்கச் செய்யும், வானத்தை நீலமாக்கும். இங்கே உச்சி வெயில் நிறங்களைத் தின்றுவிடும். அப்போது செங்கல்கூட வெளிறித் தெரியும். வெளிநாட்டிலிருந்து நினைப்பவர் வெப்பம் என்றவுடன் மஞ்சளையும் சிவப்பையும் அள்ளிப் பூசுவதற்குக் காரணம், குளிர்நாட்டு அறையில் இருந்து ஏங்குவது என்றுதான் நினைக்கிறேன்.

நிழலின் நீளத்தையும் அளவுங்கள். திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சியில் நேராக நிற்கும். நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். லண்டனிலோ ஒஸ்லோவிலோ எந்த நாளிலும் அப்படி நடப்பதில்லை. பத்துப் பதினைந்து வருடங்கள் அங்கே இருந்தவரின் கை, இங்கத்தைய நண்பகலுக்கும் நீண்ட நிழலைத் தானாகவே போட்டுவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது நம்முடைய மத்தியானம் இல்லையே என்று தோன்றும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். டச்சுக் குடாக் கடற்கரையில் இருந்து திறந்த கடலுக்குள் சூரியன் மறைவதாக வரைந்து வருகிறார்கள். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மறைவதை நீரின் மேல் பார்க்க வேண்டுமென்றால், நகரின் மறுபக்கம் உள்துறைமுக வீதிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் நீர் உள்ள ஒடுங்கிய நிலத்தில் வளர்ந்தவர் இதை மாற்றி வரைந்தால், அவர் எங்கோ ஒரு வாழ்த்து அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார் என்று இங்குள்ள சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

7. தேய்ப்புப் பிரதி எடுத்தல்

ஒரு பரப்பின் மேல் மெல்லிய தாளை விரித்து, மெழுகுக் கட்டியால் தேய்த்து, அதன் தடத்தை எடுப்பது இது. அம்மி, வாசற்படி, கிணற்றுக் கட்டு, கதவுப் பலகை, சீமெந்து காய்வதற்கு முன் யாரோ எழுதிய பெயர் ஆகியவை இதற்கு ஏற்றவை. பொருளைப் பெயர்க்காமல் அதன் உண்மையான அளவைக் கொண்டுபோக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பரப்பைத் தூரிகையால் துடைத்து, முழுவதும் காயவிடுங்கள். காலைப் பனி விலகிய பின், ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. தாளின் நான்கு பக்கங்களையும் ஒட்டுநாடாவால் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே திசையில், மெழுகுக் கட்டியைப் படுக்கையாக வைத்துத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் தாள் நகர்ந்து கோடுகள் இரட்டையாகும். இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றை அந்த வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோவில் கற்களிலும் கல்வெட்டுகளிலும் கோட்டைச் சுவர்களிலும் இதைச் செய்யக் கூடாது. அவற்றில் பழையவை தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை; மெழுகு கல்லில் இறங்கினால் எடுக்கவும் முடியாது. கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம் ஆகியவற்றின் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி தேவை.

8. ஒலி

ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்து நிமிடம், மைக்கை ஒரே இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும். பேசிக்கொண்டு பதிந்தால் உங்கள் குரலே ஊராகிவிடும். கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, கப்பி முனகல், கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு, பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் பாண் முச்சக்கரவண்டி எல்லாம் தாமே வந்து விழும். கடற்காற்றுக்குப் பஞ்சு மட்டும் போதாது. ஒரு சுவரின் மறைவில் வையுங்கள்.

ஆட்களின் பேச்சைப் பதிந்தால், எங்கே யாருக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்கள் என்று முன்னரே சொல்லி அனுமதி பெறுங்கள். இடம்பெயர்வைப் பற்றியோ காணாமல்போனவர்களைப் பற்றியோ ஒருவர் அழுதுகொண்டு சொன்னது, அவர் சொல்லச் சம்மதித்த கதையாகிவிடாது. அடுத்த நாள் போய், நேற்றுச் சொன்னதை வைத்திருக்கலாமா என்று மறுபடி கேளுங்கள். வேண்டாமென்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

9. வீடு இல்லாமல் போயிருந்தால்

போரில் இடிந்தவை, 2004 டிசம்பர் 26 அலையில் போனவை, காடேறியவை என்று எத்தனையோ. அப்போதும் அளக்கலாம். வீடு போனாலும் கிணறு பெரும்பாலும் நிற்கும். அத்திவாரக் கற்கள் புல்லுக்குள் கிடக்கும். தென்னைகளும் மாமரமும் நட்ட வரிசை தெரியும். கிணற்றைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, மற்ற எல்லாவற்றின் தூரத்தையும் அதிலிருந்து எடுங்கள். உறுதியின் நாற்புற எல்லைகளை அயலில் உள்ள மூத்தவர் ஒருவரோடு நடந்து பார்த்தால், சுவர் நின்ற இடத்தை அவர் காலால் கோடு கீறிக் காட்டுவார். கூகிள் ஏர்த்தில் பழைய செய்மதிப் படங்களை வருடவாரியாகப் பின்னோக்கிப் பார்க்க முடியும். கூரை இருந்த கடைசி வருடத்தை அதில் தேடுங்கள். மக்கள் நடமாட்டம் இல்லாத காணிக்குள், அது பாதுகாப்பானது என்று அயலவர் உறுதியாகச் சொல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

10. திரும்பக் கொண்டுபோவது

ஒரு பிடி மண் கொண்டுபோக எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகள் மண்ணை உள்ளே விடுவதில்லை. மறைத்துக் கொண்டுபோனால் தண்டம். பனையோலைப் பெட்டி, பாய், விதை முதலிய தாவரப் பொருட்களை விமான நிலையத்தில் எழுதிக் காட்டியே கொண்டுபோக வேண்டும். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டை, தொடவே வேண்டாம். அதைச் சேகரிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இங்கேயே குற்றம். ஒரு பெண் புறாமலைத் தீவுப் பக்கம் பொறுக்கிய துண்டுகளைப் பையில் வைத்திருந்து, விமான நிலையத்தில் பறிகொடுத்து, அரை நாளையும் இழந்தார். அவருடைய திட்டம் முழுவதும் அந்தத் துண்டுகளை நம்பியே இருந்தது. பழைய விளக்கு, பெட்டகம் போன்றவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம். கேட்டுவிட்டுப் பொதி கட்டுங்கள்.

நமக்கு வேண்டியது தாளும் துணியும் மட்டுமே. தாள்களைச் சிலிக்கா பையோடு உறையிலிட்டு, மட்டைக் குழாயில் சுருட்டி, கைப்பையோடு கொண்டுபோங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறிய தாளை அப்படியே மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். என்னுடைய முதல் தேய்ப்புப் பிரதிகள் மூன்றும் அப்படித்தான் போயின.

11. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தல்

இப்போதுதான் வேலை தொடங்குகிறது. அளந்த கணக்கை வைத்து, ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையுங்கள். பிறகு உறையைத் திறந்து நினைவுப்படத்தை எடுத்து, நீங்கள் அதில் எழுதிய அடிக்கணக்குகளின்படி, அதே அளவில், ட்ரேசிங் தாளில் திருப்பி வரையுங்கள். கிணற்றின் மேல் கிணறு வருமாறு இரண்டையும் அடுக்கி, யன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள்.

அவை பொருந்தா. பொருந்தாத இடங்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நினைவில் பெரிதானவை, சிறிதானவை, நினைவில் இல்லாதவை, நினைவில் மட்டும் இருப்பவை. ஊரும் மாறியிருக்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் போனவர் இன்னும் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போவதாகவே வரைவார். அப்படி ஊர் மாறியதால் வந்த வித்தியாசங்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அவை செய்தி. வீடு மாறாமலே உங்களுக்குள் மாறிப்போனவற்றில்தான் உங்கள் வேலைக்கான பொருள் இருக்கிறது.

என் சிறுவயது வீடு பாலையூற்றில். குசினி வாசலிலிருந்து கக்கூஸ் வரை என் நினைவுப்படத்தில் 40 அடி. அளந்தபோது 17 அடி. மின்சாரம் இல்லாத இரவுகளில் போத்தல் விளக்கோடு அந்தத் தூரத்தை நடந்த பிள்ளைக்கு அது நாற்பதடிதான். மிகுதி இருபத்து மூன்று அடியும் பயம். கொப்பியில் நான் எழுதிய பதினெட்டு வித்தியாசங்களில் இந்த ஒன்றைத்தான் எடுத்தேன். மற்றப் பதினேழையும் விட்டுவிட்டேன். நீங்களும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு எடுத்தவர்களின் வேலைகளில் ஒன்று மற்றதைத் தின்றுவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

12. பொருளும் அளவும்

எடுத்த வித்தியாசத்தை ஒரே வசனத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பொருளை அந்த வசனமே சொல்லும். தூரம் என்றால் நீளமான ஏதாவது. ஒலி என்றால் ஒலி. உயரம் என்றால் பார்ப்பவரைக் குனியவோ அண்ணாந்து பார்க்கவோ வைக்கும் ஒன்று. நீர்வர்ணம்தான் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் நீர்வர்ணத்தில் செய்ய வேண்டாம். இயன்றவரை உண்மையான அளவிலேயே செய்யுங்கள். சட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கியவுடன், பார்ப்பவரின் கால் அதை நடந்து பார்க்க மறந்துவிடும்.

ஒரு சேலை ஏறக்குறைய 18 அடி நீளம். அளந்த தூரத்துக்கு அம்மாவின் சேலை ஒன்றும், நினைவின் தூரத்துக்கு வெள்ளைப் பருத்தித் துணியை மூட்டி நாற்பதடியும் என்று திட்டமிட்டேன். அலுமாரியில் கிடந்த பழஞ்சேலைதானே என்று கேட்காமல் எடுத்து ஓரடியை வெட்டியும்விட்டேன். அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அது அவர் இந்தியாவுக்கு வள்ளத்தில் போனபோது உடுத்திருந்த சேலையாம். இன்னொருவருடைய பொருளை வேலையில் சேர்க்கும் முன், அதன் கதையைக் கேளுங்கள்; கேட்ட பிறகும் வெட்டலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வெட்டாமலே மடித்துத் தைக்க வழி இருக்கும்.

ஊர்ச் சாயங்களில் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். மஞ்சள் வெளிச்சத்தில் வெகுவிரைவில் வெளிறிவிடும், பீற்றூட்டும் அப்படியே. கடுக்காய்ச் சாற்றில் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்தால் நல்ல கறுப்பு மை கிடைக்கும், நிற்கவும் செய்யும்; ஆனால் வருடக்கணக்கில் தாளை அரித்துவிடக்கூடியது. தேயிலைச் சாயமும் சிரட்டைக் கரியும் அவற்றைவிட நம்பத்தக்கவை. வெளிறுவதே உங்கள் கருத்தென்றால் மஞ்சளைத் தாராளமாகப் பாவியுங்கள். இரவில் மின்விளக்கின் கீழ் வேலை செய்பவர் பகலொளி விளக்கு ஒன்றை வாங்குவது நல்லது; மஞ்சள் விளக்கில் கலந்த நிறம், ஆறாம் படியில் குறித்த கட்டங்களோடு பொருந்தாது.

13. ஊரில் இருப்பவருக்கு முதலில் காட்டுதல்

வெளிநாட்டில் காட்சிக்கு வைப்பதற்கு முன், அந்த இடத்தை அறிந்த ஒருவருக்குக் காட்டுங்கள். அங்கே பார்ப்பவர்கள், நீங்கள் எதைச் செய்தாலும் கண்கலங்கிப் பாராட்டுவார்கள். அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. ஊரில் இருப்பவரின் முதல் வார்த்தையே பிழை பிடிப்பதாகத்தான் இருக்கும். வாதாடாமல், ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, அந்த இடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். திருத்தங்களை வேலைக்குள்ளேயே தெரியும்படி விடுவதா, மாற்றிச் செய்வதா என்பதைப் பிறகு முடிவெடுக்கலாம். விளக்க அட்டையைத் தமிழில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கியவை, கிணற்றடியை நீர்நிலை என்று சொல்லும் அளவுக்குப் போய்விடுகின்றன.

நான் என் இரண்டு துணிகளையும் பாலையூற்று வளவில், அந்த வீட்டாரின் அனுமதியோடு, குசினி வாசலிலிருந்து விரித்தேன். சேலை கக்கூஸ் வாசலைத் தொட்டது. வெள்ளைத் துணி வேலியைத் தாண்டி ஒழுங்கைக்குள் போய்க் கிடந்தது. அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, “தம்பி, இப்பிடி நேராவா போனனீ? நடுவில முருங்கை நிண்டது. அதைச் சுத்தித்தான் போவாய்,” என்றார். முருங்கை என் நினைவுப்படத்திலும் இல்லை, அளந்த படத்திலும் இல்லை. அவர் குனிந்து, தன் சேலையின் நடுப்பகுதியைக் கையால் பிடித்து வளைத்து வைத்தார். வளைத்ததும் கக்கூஸ் வாசலுக்கு ஓரடி போதாமல் போயிற்று. நான் வெட்டியெடுத்த அந்தத் துண்டைத் தேடிக்கொண்டுவந்து மறுபடி தைத்தேன்.